பாஸ் முடிகிற வாரம்

ஏலக்காய் எஸ்டேட்டில் பெண்டாட்டியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வருஷாவருஷம் பாஸ் வாங்க வேண்டும்.

"இந்தத் தடவையும் புதுப்பிச்சிட்டா இங்கனயே நிரந்தரமா இருந்துக்கலாம்னு தொரை சொல்லிட்டாக, பவுனு!" என்று துள்ளினான் தவசி.

"அப்ப வெரசா பாஸ் ஆபீசுக்குக் கெளம்புங்க மாமா" என்று வழியனுப்ப வாசலுக்கு வந்தாள் பவுனு.

அவன் காலெடுத்து வைத்ததும் கறுப்புப் பூனை ஒன்று குறுக்கே ஓடியது.

"சகுனம் சரியில்ல மாமா. நாளைக்குப் போங்க."

மறுநாளும் பூனை. அந்த வாரம் முழுக்கப் பூனை. கெடு முடிந்து, பவுனு மலையிறங்க வேண்டியதாயிற்று.

மூக்கைச் சிந்தியபடி அவளுடைய கூடையைச் சுமந்துவந்து, அடிவாரத்துத் தேவாரம் ஊரில் அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மறுபடி மலையேறத் திரும்பினான் தவசி.

பவுனு கூடையைத் திறந்து, முந்தானையில் முடிந்திருந்த கருவாட்டை அவனுக்கு முன்னால் வீசினாள். கூடைக்குள்ளிருந்து குதித்த கறுப்புப் பூனை குறுக்கே பாய்ந்தது.

"சகுனம் சரியில்ல மாமா. நீங்களும் மேல போக வேணாம்."