இரண்டு கொக்குகள்

"கொக்கு: அனுமதி இல்லை."

எங்கள் விளையாட்டு சர்வரின் பதிவேட்டில் இந்த வரி பதினாலு முறை இருந்தது.

கொக்கு என் அக்கா. நெட்டைக் கால்களுக்காக நான் வைத்த பெயர். வீட்டைவிட்டுப் போய் நாலு மாதம். போனை எடுப்பதில்லை. சேர்ந்து விளையாடிய இந்த சர்வர் ஒன்றுதான் மிச்சம்.

பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் உள்ளே விடும் ப்ளக்இன் நான் எழுதியது. வாசல்வரை வந்தவளை நானே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டியலைப் பார்த்தேன். அங்கேயும் கொக்கு. எழுத்துக்கு எழுத்து அதேதான்.

இரண்டையும் சமக்குறி போட்டு ஒப்பிட்டேன். எழுத்துச் சரங்களை அப்படி ஒப்பிட முடியாது என்றது கம்பைலர். உரிய கட்டளையை எழுதினேன். 48ஆம் வரியில் பிழை என்றது. அரைமணி நேரம் 48ஐ முறைத்த பிறகுதான், 47இன் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனது தெரிந்தது.

ஒருவழியாக ஓடியது. விடை: சமமில்லை.

சர்வரை என்னோடு பார்த்துக்கொள்ளும் தோழி குண்டூசி ஹெட்போனில் சிரித்தாள். "நம்ம கண்ணுக்கு ஒண்ணுதான்டி. அதுக்குத்தான் கண்ணே இல்லையே. நீளத்தைக் கேட்டுப் பாரு."

கேட்டேன். பட்டியலில் இருந்தது பதினெட்டு பைட். வந்து நின்றது இருபத்தொன்று.

கணினியில் தமிழின் ஒரு குறிக்கு மூன்று பைட். ஆக, எங்கோ ஒரு குறி கூடுதல்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். 'கொ'வில் ஒளிந்திருந்தது. நானும் அக்காவும் அடித்தால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக விழும். இதில் கொம்பு தனி, கால் தனி. பழைய தட்டச்சுப் பழக்கம்.

அக்கா தட்டச்சுப் பள்ளிப் பக்கமே போனதில்லை.

கூடத்துக் கணினியில் போன வாரம் அடித்திருந்த குடிநீர்ப் புகார்க் கடிதத்தைத் திறந்தேன். 'தொட்டி', 'கொசு', 'பொறுப்பு'. எல்லாவற்றிலும் கொம்பு தனி, கால் தனி.

அடியில் அப்பாவின் பெயர்.

அக்கா ஒருமுறைகூட வந்திருக்கவில்லை. அவளைத் தேடி இவர் வந்திருக்கிறார். உள்ளே நுழைய ஒரு பெயர் வேண்டும். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இனிமே அவ பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று அன்று கத்தியவர்.

பட்டியலில் அந்தக் கொக்கையும் சேர்த்தேன்.