கை மாறி வந்த காலணி

கியூபா என்ற சொல்லுக்காகத்தான் கங்காதரன் அந்தச் சொற்பொழிவுக்கு வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் சங்கக் கொடி பிடித்தவர். அவர் மனைவி வத்சலா, அழைப்பிதழில் அதற்குப் பக்கத்திலேயே இருந்த 'பாலே நடனம்' என்ற சொல்லுக்காக வந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

மேடையில் பேசிய கியூபப் பெண்மணி, இருபது வயதில் தான் கிழியக் கிழியத் தைத்து ஆடிய காலணி ஒன்றை எல்லோரும் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் கொடுத்தார். செருப்பைக் கையில் வாங்கச் சிலர் கூசினார்கள். வரிசை வரிசையாக நகர்ந்து அது கடைசியில் வத்சலாவிடம் வந்து நின்றது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"யாரோ போட்ட செருப்பு, வத்சலா!" என்றார் கங்காதரன்.

இளஞ்சிவப்புத் துணி சாம்பல் நிறமாகியிருந்தது. உள்ளே தடவிப் பார்த்தாள். ஐந்து விரல்கள் அழுத்திய குழிகள் அப்படியே இருந்தன. அவளுடைய சலங்கை கல்யாணத்துக்கு மறுவாரம் பரணில் ஏறியது; இன்னும் இறங்கவில்லை.

கேள்வி நேரத்தில் கங்காதரன் எழுந்து பொருளாதாரத் தடையைப் பற்றி நீளமாகக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வத்சலா தன் வலது கால் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

பதில் சொல்லி முடித்த பெண்மணி ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் மைக்கில் சொன்னார்: "மேடத்தோட ஷூ யார்கிட்ட இருக்கு? கொஞ்சம் குடுத்துடுங்க."

கங்காதரன் வத்சலாவின் மடியைப் பார்த்தார். வெறும் மடி.

"நீ அப்பவே குடுத்துட்டல்ல?"

வத்சலா ஆமாம் என்று தலையாட்டினாள். புடவைக் கரைக்கு அடியில் அவளுடைய வலது குதிகால் தரையைவிட்டு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.