மாதா கையில் இடம்

"என் அளவு தப்பாதும்மா. கச்சிதமா உக்காரும், பாரேன்!"

மலைக்கோயிலின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்த தச்சன், தோள் பையிலிருந்து துணி சுற்றிய மரக் குழந்தையை எடுத்தான். பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த அம்மா, பிரித்துப் பார்த்தாள்.

"மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கு. சின்ன வயசுல பொம்மை மூக்கைக் கடிச்சுத் தின்னவன், இன்னைக்கு மூக்கு செதுக்கறே!"

"பேச்சை மாத்தாதே. கையில வைக்கலாமா?"

"வேண்டாம்டா."

பத்துப் பேர் நின்றாலே நிறைந்துவிடும் கோயில் அது. கல் சுமந்து சுவர் எழுப்பியது, கூரை போட்டது, மாதா சிலையைச் செதுக்கியது எல்லாமே அப்பாதான். ஆனால் மாதாவின் ஏந்திய கைகளில் குழந்தை இல்லை. யார் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயிலின் சரித்திரத்தை ஊரில் எவன் ஆரம்பித்தாலும், 'அரைகுறையாய் விட்ட ஆசாமி' என்றுதான் முடிப்பான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஊரே ஏறி வரும். அப்பாவை இன்னொரு தரம் அப்படிச் சொன்னா என்னால தாங்க முடியாதும்மா."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, அவனையும் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள்.

"உங்கப்பா எதையும் அரைகுறையா விடலடா. கோயில் திறக்கறதுக்கு முந்தின நாளே குழந்தையையும் செதுக்கி, கையில வெச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். விடிஞ்சு வந்து பாத்தா, மரக் குழந்தையை யாரோ கீழே இறக்கி வெச்சிருக்காங்க. மாதா கையில, சால்வையால கட்டின நிஜக் குழந்தை தூங்கிக்கிட்டிருக்கு."

"யாரோடது?"

"என்னோடது. அன்னைக்கிலேருந்து என்னோடது." அம்மா அவன் தலையைக் கோதினாள்.

தச்சன் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"பெத்தவ என்னைக்காவது வந்து எட்டிப் பாத்தா, கை காலியா இருக்கணும்னார் உங்கப்பா. குழந்தையை யாரோ தூக்கிக்கிட்டாங்கன்னு அவ மனசு ஆறணுமாம். அதுக்காகத்தான் ஊர் வாயையெல்லாம் சிரிச்சுக்கிட்டே தாங்கினார்."

அவன் வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் மரக் குழந்தையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"அப்பா செதுக்கினது எங்கேம்மா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதோட மூக்கைத்தானேடா நீ கடிச்சுத் தின்னே!"