மூன்று ஃபேன், ஒரு வாட்டர் கூலர்

அவர் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

அந்தக் காலத்துப் பெட்டியின் அதே வெளிறிய மஞ்சள். முன்னால் ஃப்ளாப்பி செருகும் வாய், ஓரத்தில் ஒரு பூட்டு. எல்லாம் சும்மா ஒப்புக்கு. உள்ளே போவதெல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு.

"முன்னால ரெண்டு ஃபேன், பின்னால ஒண்ணு. அதுவே ஜாஸ்திண்ணே," என்றான் பாகங்களை ஒவ்வொன்றாக உள்ளே மாட்டிக்கொண்டிருந்த சுடலைமணி. "டைப் அடிக்க, தண்ணி ஓட்டிச் சூட்டத் தணிக்கிற வாட்டர் கூலர் எதுக்கு? ராக்கெட்டா விடப் போறீங்க?"

"நீ மாட்டு."

தொண்ணூற்றெட்டிலும் இதே கடைதான். கோவில்பட்டியிலேயே இரண்டாவது டிடிபி சென்டர். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மனைவி ஞானசெல்வி காலையில் மானிட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் டைப் அடிக்க உட்காருவாள். என்ன நாட்கள் அவை!

ஆனால் கத்திரி வெயிலில் பெட்டி சூடேறி அப்படியே நின்றுவிடும்.

அதனால் அவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்தார்.

கடையில் இருந்தது ஒரே ஒரு ஃபேன்.

அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ஒரு பேராசிரியரின் ஆய்வேடு. பன்னிரண்டாம் பக்கத்தில் நாற்காலியோடு சரிந்தாள்.

மின்சாரம் எந்த நிமிஷமும் போகலாம். காலையிலிருந்து அடித்தது எதுவும் சேவ் ஆகவில்லை.

அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். முதலில் சேவ் பண்ணினார்.

பிறகுதான் அவளைத் தூக்கினார்.

ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள், படித்தாள், அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்த நிமிஷம் ஞானசெல்வியின் கண் மூடியிருந்ததா, பாதி திறந்திருந்ததா? இருபத்தேழு வருஷமாக அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் வரவில்லை.

சுடலைமணி கிளம்பிப் போனதும் அவள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே சுற்றும் ஃபேன்களை எண்ணினாள்.

"இம்புட்டுக் காத்தாடி எதுக்கு?"

அவர் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.

"செல்வி, அன்னைக்கு நீ விழுந்தப்ப நான் மொதல்ல..."

"சேவ் பண்ணுனீங்க."



அவள் டிபன் கேரியரைத் திறந்து, ஒவ்வொரு அடுக்காக மேஜையில் வைத்தாள்.

"பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு வாரம் ஒங்க மேல கொலவெறி. அப்புறம் யோசிச்சேன். அது போயிருந்தா பன்னெண்டு பக்கத்தையும் மறுபடி யாரு அடிக்கது? நாந்தான?"