ரெண்டையும் வச்சிடுங்க டாக்டர்

"ரெண்டு கருவையும் ஒரேயடியா வச்சிடுங்க டாக்டர். இதுல என்ன தவணை முறை?" என்றார் மாமியார்.

"வேண்டவே வேண்டாம். ஒண்ணு போதும்!" என்றாள் மருமகள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

கையில் பச்சைக் கவுனோடு உள்ளே வந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருத்தரிப்புப் பிரிவில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள். அதனாலென்ன? மாமியார்களைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள். அதில் தன் கணக்கு தப்பியதே இல்லை என்பது அவள் கட்சி.

"இருக்கிறதே ரெண்டுதான். இனிமே புதுசா உருவாக்க வழியில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஒண்ணை வச்சு, அது தங்கலைன்னா? மறுபடி மாசக்கணக்கா ஊசி, மாத்திரை. எனக்கும் வயசாகுதில்ல?"

"ரெண்டும் தங்கிட்டா? ரத்தக்கொதிப்பு வரும், சர்க்கரை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்றாங்களே அத்தை!"

"அட போம்மா! நான் பெறலையா ரெண்டு? எல்லாம் பார்த்துக்கலாம்."

எவ்வளவு திமிர்! நர்ஸால் பொறுக்க முடியவில்லை.

"சுமக்கிறவங்க பாட்டை யாராவது யோசிக்கிறீங்களாம்மா?"

"நல்லாக் கேளுங்க சிஸ்டர்! அதைத்தான் நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்" என்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஒண்ணுதான். என் முடிவும் அதுதான். இன்னொண்ணு ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கும். போதும், பஞ்சாயத்து முடிஞ்சுது."

மாமியார் உதட்டைச் சுழித்தார். "சரி, ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு இருந்துட்டுப் போகட்டும்."

நர்ஸுக்குத் தானே ஜெயித்தது போல ஒரே குஷி.

"நீங்க வெளியே போய் உட்காருங்கம்மா" என்று மாமியாரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, கவுனை மருமகளிடம் நீட்டினாள். "வாங்க, உடை மாத்திக்கலாம். கொஞ்சமும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

மருமகள் அதை வாங்கி மாமியாரின் கையில் கொடுத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் வளையல்களையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து மூணு வருஷமாச்சு சிஸ்டர். என் பிள்ளையைச் சுமக்கப் போறது எங்க அத்தைதான்."