கூட இறங்கியவர் கையெழுத்து

“எத்தனை இடத்துலதான் கையெழுத்து போடணும்?” என்று கேட்டாள் ஹனெக்கே. “விவாகரத்துக்கே நாலு இடத்துலதானே போட்டோம்?”

கெர்பன் அசடு வழியச் சிரித்தான். “அறுபதுக்கு மேல இருக்கும். கை வலிச்சா நடுவுல நிறுத்திக்கலாம்.”

அவன் மேசைமேல் வைத்தது புத்தம் புதிய டைவிங் லாக்புக். கடலுக்குள் மூழ்கி எழுந்த ஒவ்வொரு முறையும், போன ஆழம், இருந்த நேரம், சிலிண்டரில் அவரவருக்கு மிஞ்சிய காற்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எழுதிய பக்கத்தில் கூட இறங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பழைய புத்தகத்தை, வீட்டைப் பிரித்துக்கொண்ட அமளியில் எங்கேயோ தொலைத்துவிட்டான். அது இல்லாதவனை, ஸ்காட்லாந்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கப் போகும் படகில் ஏற்ற மாட்டார்கள்.

அவன் இறங்கிய இடத்திலெல்லாம் கூட இறங்கியவள் ஹனெக்கே ஒருத்திதான். இருவருடைய புத்தகங்களும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நீல அட்டையில் வாங்கியவை. அவளுடையதைப் பார்த்து எழுதினால் தேதியும் இடமும் ஆழமும் கிடைத்துவிடும்.

ஆனால் ஸ்காட்லாந்துக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? நாளைக் காலை சாமான் வண்டி வருகிறது. ஹனெக்கே வேலை கிடைத்து நார்வேக்குப் போகிறாள். போகாதே என்று சொல்லத்தான் வந்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் வாய் எழவில்லை, புத்தகத்தை நீட்டிவிட்டான்.

கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவே அவள் காபி கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை மூடினாள். பிறகு உள்ளே போய் நீலப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்து, அதை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்றேன், எழுதிக்கோ. இடம் டிரைஸ்கோர், ஏப்ரல். ஆழம் பதினெட்டு மீட்டர். முக்கால் மணி நேரம். மிச்சக் காத்து கால் சிலிண்டர்.”

எழுதினான்.

“டென் ஓஸ்ஸே, மே மாசம். கணவாய் மீன் முட்டை போட வந்த சமயம். மிச்சக் காத்து, கால் சிலிண்டருக்கும் கொஞ்சம் கம்மி.”

“அன்னிக்குத்தானே கணவாய் உன் மூஞ்சியில மை அடிச்சுது?”

“உன் மூஞ்சியில. நீதான் கத்தினே.”

“தண்ணிக்குள்ள எப்படிக் கத்த முடியும்?”

“நீ கத்துவே. குமிழி குமிழியா கத்துவே.”

“எல்லாரும் உன்னை மாதிரி இருக்க முடியுமா? அரை சிலிண்டரை அப்படியே திருப்பிக் கொண்டுவருவே. காத்து நிரப்பறவனுக்கு உன்கிட்ட காசு வாங்கவே கூச்சமா இருக்கும்.”

ஹனெக்கே புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று கெர்பன் பேனாவை மூடினான்.

“நார்வேல தண்ணி இன்னும் குளிரா இருக்குமே,” என்றான்.

“இருக்கும்.”

“கூட இறங்க ஒரு ஆள் வேணுமே.”

“தேடிக்கணும்,” என்றாள். “அடுத்தது எழுது.”

பேனாவைத் திறந்தான். வேறு என்ன செய்ய?

பக்கம் பக்கமாகப் போயிற்று. கலங்கல் தண்ணீர், பாறை இடுக்கில் சிங்கி இறால், கிழிந்த கையுறை. கெர்பன் எண்களைக் கேட்டு எழுதினானே தவிர, கண் எல்லாம் நீல அட்டையைப் பிடித்திருந்த விரல்கள்மேல்தான் இருந்தது. மோதிரம் இருந்த இடம் மட்டும் இன்னும் வெளுத்துத் தெரிந்தது.

ஒரு பக்கத்தில் அவள் குரல் நின்றது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. கீழே ஒரு வரி குறிப்பு இருக்கு.”

“படியேன்.”

“‘இன்று ஒன்றும் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே போனோம். மேலே வர மனசே இல்லை.’”

கெர்பன் பேனாவை நிறுத்தினான். இவளா இப்படி எழுதினாள்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னதில்லையே.

“அதையும் எழுதிக்கட்டுமா?”

“உன் இஷ்டம்,” என்றாள் ஹனெக்கே. முகத்தைக் காட்டவில்லை.

எழுதிக்கொண்டான்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. நீலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, புதியதில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டாள். காபி எப்போதோ ஆறிவிட்டிருந்தது. இதற்கு மேல் உட்கார அவனிடம் சாக்கு எதுவும் இல்லை.

எழுந்து மழைக்கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான். காற்று தீர்ந்துபோச்சு என்று தண்ணீருக்கடியில் சொல்லக்கூட ஒரு கைச்சைகை உண்டு. இங்கே, நட்ட நடுக்கூடத்தில், வாயிருந்தும் ஊமையாக நின்றான். ஹனெக்கே மடியில் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

“உன் புத்தகத்தைக் குடேன்,” என்றான், இன்னும் ஒரு நிமிஷமாவது கிடைக்குமே என்று. “என் கையெழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருந்தா போட்டுத் தரேன்.”

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“குடு ஹனெக்கே. நார்வேக்குப் போனப்புறம் யார்கிட்ட வாங்குவே?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இது உன்னோடது, கெர்பன்.”