பஸ் லிஸ்ட்டை மட்டும் விட்டுடு

"அந்த பஸ் லிஸ்ட்டை மட்டும் விட்டுடும்மா. நாலு வருஷமா ஓடுது, ஓடட்டும்" என்றார் திம்மப்பன்.

ஜெயமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பர்கூர் காலேஜில் படித்து, ஓசூர் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து ஆறு மாசம். இந்த மனுஷன் எழுதிவைத்த பழைய புரோகிராம்களைப் புது முறைக்கு மாற்றுவதுதான் அவள் வேலை.

பழைய புரோகிராமில் லிஸ்ட் என்பது கோணிப்பை மாதிரி. எதை வேண்டுமானாலும் திணிக்கலாம்; ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போதுதான் என்னவென்று பார்க்கணும். புதுசாக வந்த 'ஜெனரிக்' முறையில், உள்ளே எது இருக்கலாம் என்று பை மேலேயே பேர் எழுதிடணும். வேறு எது வந்தாலும் உள்ளே விடாது.

"அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு பாக்கியில்லாம மாத்தணும்" என்று சொல்லியிருந்தார் மேனேஜர் காவேரி மேடம். தலையில் தினமும் கனகாம்பரம், பேச்சில் தினமும் கறார்.

உடம்பு வணங்காத ஆளு! திம்மப்பன் டீக்குப் போன நேரம் பார்த்து, கம்பெனி பஸ்ஸில் யார் யார் வரலாம் என்ற அந்த லிஸ்ட்டை ஜெயமணி திறந்தாள். 'நிரந்தரத் தொழிலாளி' என்று பேர் வைத்து ஓட்டினாள்.

எரர். கான்ட்ராக்ட் தொழிலாளியை உள்ளே விட முடியாதாம்!

யாரென்று தேடினாள். பன்னிரண்டு பேர். மாரம்மா, ஜோதியம்மாள், சரசம்மா... எல்லாம் ஷெட் கூட்டும் உத்தனப்பள்ளிப் பெண்கள். கம்பெனி பஸ்ஸிலோ நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் இடம்.

டீ டம்ளரோடு வந்த திம்மப்பன் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பாதி சீட்டு காலியாத்தாம்மா போவுது. இவங்க ரெண்டு பஸ் மாறி, மீதி தூரம் நடந்து போனாங்க. மனசு கேக்கல, சேத்துட்டேன். தெரிஞ்சா என் வேலை போயிடும்."

ஐயோ, இவரைப் போய் சோம்பேறின்னு நினைச்சோமே!

ஜெயமணி மடமடவென்று தட்டினாள். இரண்டு வகை ஆட்களையும் 'பயணி' என்ற ஒரே இனமாக்கி, லிஸ்ட்டுக்கும் அதே பேரை வைத்தாள். எரர் போயே போச்சு.

"என்னது, பயணி?"

பின்னால் காவேரி மேடம்!

"பஸ்ல ஏறுறவங்க பயணிதானே மேடம்?" என்றாள் ஜெயமணி.

மேடம் குனிந்து பன்னிரண்டு பேரையும் நிதானமாகப் படித்தார்.

"அப்படியே இருக்கட்டும். நானும் அந்த பஸ்லதானே வர்றேன்? ஜோதியம்மா ஏறலைன்னா எனக்குத் தினமும் கனகாம்பரம் யாரு கொண்டாந்து கொடுப்பா?"